நெஞ்சறையில் ஒரு மாற்றுப் பாதை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் பெருந்தெரு பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை நோக்கி மேலே செல்கின்றது; மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாய்க்கு இறங்குகின்றது. மழைக்காலத்தில் இவ்விரு வழிகளுள் ஒன்றில் மண் சரிவதும், பஸ் வண்டிகளும் லொறிகளும் சந்தியிலே வரிசையாக நின்றுவிடுவதும் இப்பகுதி மக்களுக்குப் புதியனவல்ல. தெரு அடைபட்டால் தோட்டத்துக் கடைக்கு அரிசி மூட்டை வராது. கொழுந்து தொழிற்சாலைக்குப் போகாது. இச்சந்தியை நாள்தோறும் கடந்து பாடசாலைக்குச் செல்பவர் நாம். சென்ற தவணையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு விடை தேடியபோது, அவ்விடைக்கு வேண்டிய உவமையும் இச்சந்தியிலேயே கிடைத்தது.

அவளுடைய தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மலைப்பாதையில் ஏறும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சிலே பாரம் ஏற்றியது போன்ற வலி உண்டாகும். நின்று இளைப்பாறினால் அடங்கிவிடும். வீட்டார் அதனை வாயு என்றே எண்ணி ஓமத்தண்ணீரும் இஞ்சிச் சாறும் கொடுத்து வந்தனர். ஒருநாள் வலி இடக்கை வழியாக இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியபின்னரே முச்சக்கர வண்டி பிடித்தனர். பதுளைக்குச் சென்று, அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பப்பட்டு, சத்திரசிகிச்சை முடிந்து, நெஞ்சின் நடுவே நீண்ட தழும்புடன் அவர் லயத்துக்குத் திரும்பினார். திரும்பிய நாள்முதல் வீட்டில் எல்லாரும் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் போலக் கையாண்டார்களாம்.

"சேர், தாத்தாவின் நெஞ்சிலிருந்த ஒரு இரத்தக் குழாயை எடுத்து இருதயத்தில் வைத்துவிட்டார்களாம். அப்படியென்றால் நெஞ்சுக்கு இரத்தம் எங்கேயிருந்து வரும்?" என்று அவள் வினவினாள்.

நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்ல முற்பட்டோம். ஆயின், அவள் உட்காரவில்லை. அதே லயத்தில் குடியிருக்கும் அவளுடைய பெரியப்பாவுக்கும் இதே சத்திரசிகிச்சை வேண்டுமென வைத்தியர்கள் நாள் குறித்திருக்கின்றனர்; "உள்ளதையும் அறுத்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன?" என்று அவர் போக மறுக்கின்றார். ஆகவே அவள் கேட்டது பரீட்சைக்காகவன்று என்பது அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று.

பேச்சுக்குரிய அந்த நாடியை முதலில் அறிந்துகொள்வோம். மார்பின் நடுவிலுள்ள தட்டையான என்பின் இரு ஓரங்களிலும், அதிலிருந்து ஏறத்தாழ ஒரு விரல் அகலம் தள்ளி, விலா என்புகளின் உட்புறமாக இரண்டு மெல்லிய நாடிகள் மேலிருந்து கீழே ஓடுகின்றன. காறை என்பின் அடியிலே கைக்குச் செல்லும் பெரிய நாடியிலிருந்து இவை கிளைக்கின்றன. ஆறாவது விலா இடைவெளியளவில் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை வயிற்றுச் சுவருக்கும் மற்றையது விலாவின் கீழோரத்துக்கும் உதரவிதானத்துக்கும் செல்லும். அகலம் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேற்படாது. மார்பென்பு, விலாக்களின் முற்பகுதி, தசை, தோல் ஆகியவற்றுக்கு இரத்தம் வழங்குவது இவற்றின் தொழில். தாய்மாரின் மார்பகத்துக்கும் இவை பங்களிப்பதால் ஆங்கில வைத்திய நூல்கள் நெடுங்காலமாக அவ்வுறுப்பின் பெயராலேயே இவற்றைக் குறித்தன. இன்று உள்மார்பு நாடி என்பதே உடற்கூற்று நூல்களின் வழக்கு.

இருதயத்தின் நிலைமையோ விசித்திரமானது. அதன் அறைகளுக்குள் இரவும் பகலும் இரத்தம் நிறைந்தோடுகின்றது. ஆயினும் அதன் தடித்த தசைச் சுவர் அந்த இரத்தத்தை உள்ளிருந்தே உறிஞ்சிக்கொள்ள இயலாது. கூடை கூடையாக நல்ல கொழுந்து கிள்ளி அனுப்பும் நம் பெண்கள், மாலையில் வீடு திரும்பி டஸ்ட் தேயிலையில் சாயம் இறக்கிக் குடிப்பதை இது ஒத்ததென்றால் வாசகர்கள் நம்மைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். இருதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே பெருநாடியின் தொடக்கத்திலுள்ள இரண்டு சிறு கிளைகள் வழியாக அதற்கே திரும்பி வருகின்றது. அவையே முடியுரு நாடிகள். இடப்புற நாடியின் முன்கிளை இருதயத்தின் முன்முகத்தில் மேலிருந்து கீழே இறங்கி, முன்சுவருக்கும் நடுச்சுவரின் பெரும்பகுதிக்கும் உயிரளிக்கின்றது. கொழுப்புப் படிந்து அக்கிளை அடைபடின் விளைவது பெரும்பாலும் பேராபத்து.

அந்த முன்கிளைக்கு நேரெதிரே, சில அங்குல தூரத்திலேயே, இடப்பக்க உள்மார்பு நாடி எவ்வித நோயுமின்றி ஓடிக்கொண்டிருக்கின்றது. இயற்கை இவ்வாறு பக்கத்திலேயே ஒரு மாற்றுத் தெருவை அமைத்திருக்க, அதனைச் சரியாகப் பயன்படுத்த மனிதன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தடுமாறினான் என்பதே இந்த நாடியின் கதையில் நம்மை மிகவும் ஈர்த்த பகுதி.

முதல் முயற்சி 1939ஆம் ஆண்டில் இத்தாலியில் தொடங்கியது. உள்மார்பு நாடியை ஓரிடத்தில் நூலால் கட்டிவிட்டால், மேலே தேங்கும் இரத்தம் இருதய உறைக்குச் செல்லும் சிறு கிளைகளுக்குள் திரும்பி, அவ்வழியாக இருதயத்தை எட்டுமென்று பியெஸ்கி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் எண்ணினார். மார்பைத் திறக்க வேண்டியதில்லை. விலாக்களின் இடையே சிறு கீறல் போதும். 1950களில் இம்முறை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் வெகுவாகப் பரவிற்று. சிகிச்சை பெற்றோரில் பலர் வலி குறைந்ததென்றனர். மாத்திரை குறைந்தது, நடை கூடிற்று. வேறென்ன வேண்டும்?

சியாற்றில் நகர வைத்தியர் லெனார்ட் கொப்பும் அவருடைய தோழர்களும் ஐயங்கொண்டனர். அவர்கள் 17 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, சிலருக்கு நாடியைக் கட்டினர். ஏனையோருக்குத் தோலை மாத்திரம் கீறி, நாடியைத் தொடாமலே தைத்துவிட்டனர். யாருக்கு எது செய்யப்பட்டதென நோயாளிகளுக்குத் தெரியாது; பின்னர் அவர்களைப் பரிசோதித்த வைத்தியருக்கும் தெரியாது. 1959இல் முடிவு வெளியாயிற்று. இரு சாராருக்கும் வலி ஒரேயளவில் குறைந்திருந்தது! அடுத்த ஆண்டில் டைமண்ட் என்பாரும் அவருடன் சேர்ந்தோரும் 18 பேரிடம் செய்த ஆய்விலும், வெறுங்கீறல் பெற்ற ஐவரும் தமக்குச் சுகம் கிடைத்ததென்றே கூறினர். வலி குறைந்ததெனக் கூறிய அம்மனிதர்கள் பொய்யர்களல்லர். அவர்களுக்கு உண்மையாகவே வலி குறைந்திருந்தது. ஆனால் அதற்கும் கட்டிய நூலுக்கும் தொடர்பில்லை. ஓமத்தண்ணீர் குடித்த தாத்தாவுக்கும் சில வேளை சுகமாகத்தான் இருந்ததென அவருடைய பேத்தி சொன்னது இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருகின்றது. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் நாம், எந்தப் பரிசோதனைக் குழாயையும்விட இந்த 17 பேரின் கதையையே வகுப்பில் அதிகமாக எடுத்துரைப்பதுண்டு. ஏமாற்றுக் கீறல் போடுவது அறமா என்ற கேள்வியை மாணவர்கள் தவறாமல் எழுப்புவர். எழுப்ப வேண்டியதே, அந்நோயாளிகளுக்கு அவ்விதம் ஒன்று நிகழக்கூடுமென்று முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. இன்று அவ்வாறு செய்ய எந்த ஒழுக்கநெறிக் குழுவும் இடந்தராது. எனினும் அந்தச் சிறு ஆய்வு, பயனற்ற கத்தியிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் காத்ததென்பதையும் மறுக்க முடியாது.

இதற்கிடையே கனடாவின் மொன்றியல் நகரில் ஆர்தர் வைன்பேர்க் வேறொரு வழியில் முயன்றுகொண்டிருந்தார். நாய்களிடம் 1946 முதல் பரீட்சித்தபின், 1950இல் அவர் மனிதரிடம் அதனைச் செய்தார். நாடியின் கீழ்நுனியை அறுத்து, இருதயத் தசையில் ஒரு சுரங்கம் குடைந்து, இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் அந்நுனியை அதற்குள் புதைத்துவிடுவதே அவரது முறை. முதல் நோயாளி மூன்று நாட்கள்கூடப் பிழைக்கவில்லை. தசைக்குள் இரத்தம் கட்டியாகத் தேங்கி நிற்குமேயன்றி ஓடாதெனப் பலர் எள்ளினர். வைன்பேர்க் விடவில்லை. கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்பவர் 1958இல் முடியுரு நாடிக்குள் நேரே சாயம் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் வித்தையைக் கண்டறிந்தார். அதுவும் தற்செயலாக நிகழ்ந்ததொன்று: வேறிடத்தில் செலுத்த எண்ணிய சாயம் தவறி நாடிக்குள் பாய்ந்துவிட்டது, நோயாளி இறந்துவிடுவாரென அஞ்சிய வேளையில் அவர் பிழைத்துக்கொண்டார். அதே வித்தையால் வைன்பேர்க்கிடம் சிகிச்சை பெற்றவர்களை 1962இல் பார்த்தபோது, புதைத்த நாடி சிலரிடம் ஆண்டுகள் பல கடந்தும் திறந்திருந்து, இருதயத்தின் நுண்குழாய்களோடு இணைந்திருக்கக் காணப்பட்டது. எள்ளியவர்கள் வாயடைத்தனர். ஆயினும் இவ்வழியால் சென்ற இரத்தம் கொஞ்சமே.

புதைப்பதை விடுத்து, நாடியோடு நாடியை நேரே பொருத்தினால் என்ன? நியூயோர்க்கில் ரொபேட் கெற்ஸ் 1960இல் உலோக வளையமொன்றைக் கொண்டு அவ்வாறு பொருத்தினார். 1964 பெப்ரவரி 25ஆந் திகதி லெனின்கிராட் நகரில் வசீலி கொலெசொவ், துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்திலேயே, இருதய-சுவாசப்பை இயந்திரத்தின் துணையின்றி, உள்மார்பு நாடியை முடியுரு நாடியோடு நூலால் தைத்து வெற்றி கண்டார். துடிக்கும் இருதயத்தில் இரண்டு மில்லிமீற்றர்க் குழாயைத் தைப்பதென்பது ஓடும் பஸ்ஸிலே ஊசிக்கு நூல் கோப்பதைப் போன்றது. இருந்தும் அவருடைய நாட்டாரே அதனை ஐயுற்றனர், மேலைநாட்டார் அறியவுமில்லை.

உலகம் கவனித்தது, ஆர்ஜென்ரீனாவில் பிறந்து கிளீவ்லாந்தில் பணியாற்றிய ரெனே பவலோரோவையே. அவர் 1967இல் காலிலுள்ள நாளத்தைத் துண்டாக எடுத்து அடைப்பைக் கடக்கும் பாதையாக இணைத்தார். நாளம் நீளமானது, அகலமானது, தைக்க எளிது. ஆகவே எல்லாரும் நாளத்தையே நாடினர். மறு ஆண்டில் ஜோர்ஜ் கிறீன் நியூயோர்க்கில் நுணுக்குக்காட்டியின் உதவியால் உள்மார்பு நாடியை முன்கிளையோடு இணைத்துக் காட்டியும், அது கடினமான வேலையென்று பலர் ஒதுக்கிவைத்தனர்.

காலமே தீர்ப்பு வழங்கிற்று. பத்தாண்டுகள் சென்றபின் பார்க்கையில், கால் நாளங்களில் ஏறத்தாழப் பாதி அடைபட்டோ பழுதுற்றோ கிடந்தன. உள்மார்பு நாடிகளிலோ பத்தில் ஒன்பதுக்கு மேல் திறந்திருந்தன. 1986இல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த புளொயிட் லூப்பும் தோழர்களும் ஏறக்குறைய 6,000 பேரைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு, முன்கிளைக்கு இந்நாடி பொருத்தப்பட்டவர்களே நீண்டு வாழ்ந்தனர் என்று ஐயந்திரிபறக் காட்டியது. அன்றுதொட்டு இந்நாடிக்கே முதலிடம்.

காரணம் என்ன? நாளம் குறைந்த அமுக்கத்துக்குப் பழகியது. மாட்டு வண்டிக்காக இட்ட பாதையில் லொறிகளை விட்டதுபோல, நாடியின் அமுக்கம் தாங்காது அதன் உட்சுவர் தடித்துக் குறுகுகின்றது. உள்மார்பு நாடியோ பிறவியிலேயே நாடி. அதன் உள்ளுறை நைத்திரிக் ஒட்சைட்டை நன்கு சுரந்து குழாயை விரிவாக வைத்திருக்கும்; உட்புறத்திலுள்ள மீள்தன்மைப் படலம் இடைவெளி குறைந்து செறிந்திருப்பதால் கொழுப்பு நோயும் அதனை எளிதில் அணுகுவதில்லை.

இந்தியாவில் முதன்முதலாக முடியுரு நாடிக்கு மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சை நடந்த இடம் சென்னைப் பெரம்பூரிலுள்ள இரயில்வே வைத்தியசாலை, ஆண்டு 1975, செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். நம் தோட்டங்களிலிருந்து 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் கப்பலேறிய குடும்பங்கள் பலவற்றுக்குத் தமிழ்நாடு இன்று சொந்த மண். ஆதலால் இச்செய்தி நமக்கு அயலார் செய்தியன்று. அங்கே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெற்ஸ் என்னும் அமெரிக்கர் 1949இலேயே மார்புச் சத்திரசிகிச்சைக்கென ஒரு துறையை நிறுவியிருந்தார். பெரம்பூர் வைத்தியசாலை செல்வந்தர்க்காகக் கட்டப்பட்டதன்று. இரயில் ஓட்டுவோரும் தண்டவாளம் பதிப்போரும் அவர்தம் குடும்பத்தாரும் சிகிச்சை பெறும் இடம் அது. தொழிலாளர் வைத்தியசாலையில் ஒரு நாட்டின் முதல் சத்திரசிகிச்சை நடந்ததென்பது நமக்குப் பெருமகிழ்ச்சி தந்த செய்தி. பின்னர் சென்னையில் புதிய இருதய நிலையங்களை நிறுவிய டாக்டர் செரியன் 2025 ஜனவரியில் காலமானார். நமது நாட்டிலும் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் அரசாங்க வைத்தியசாலைகளிலே இருதயச் சத்திரசிகிச்சை கட்டணமின்றி நடைபெறுகின்றது. காத்திருப்போர் வரிசைதான் நீண்டது; குறித்த நாளைத் தவறவிடுவோர் மீண்டும் அவ்வரிசையில் நிற்கவேண்டி வரலாம் என்பதே மாணவியின் பெரியப்பாவைக் குறித்து நமக்கிருந்த கவலை.

ஞாயிறன்று லயத்துக்குச் சென்றோம். தாத்தா வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பெரியப்பா வெற்றிலையை மடித்தபடியே, "மாஸ்டர், உள்ளதச் சொல்லுங்க. நெஞ்சுல ஓடுற நாடிய அறுத்தா மனுசன் பொழைப்பானா?" என்றார்.

பெரகலச் சந்தியை மண்ணிலே கீறிக் காட்டினோம். நாடியை வேரோடு பிடுங்கி எடுப்பதில்லை. காறை என்பின் அடியிலுள்ள மேல்முனை இருந்தபடியே இருக்கும். இரத்தம் வழக்கம்போல அதற்குள் பாயும். மார்பென்பை நீளவாக்கில் திறந்து, நாடியை மார்புச் சுவரிலிருந்து மெல்லப் பிரித்து, கீழ்நுனியை மட்டும் அறுத்து, அடைப்புக்கு அப்பால் இருதயத்தின் முன்கிளையிலே தலைமயிரினும் மெல்லிய நூலால் தைத்துவிடுவர். வெல்லவாய்க்குப் போகும் பஸ்ஸை அப்புத்தளைப் பக்கம் திருப்பிவிடுவதே நடப்பது. கொஸ்லந்தைப் பக்கத்து மக்கள் பட்டினி கிடப்பார்களோவெனில், கிடப்பதில்லை. முதுகுப்புறத்திலுள்ள பெருநாடியிலிருந்து ஒவ்வொரு விலா இடைவெளியிலும் ஒரு நாடி முன்னோக்கி வருகின்றது. மார்புச் சுவருக்கு அவ்வழி உணவு போதும். பின்னர் மார்பென்பை உருக்குக் கம்பியால் கட்டிவிடுவர். அது பொருந்த இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். அதுவரை பாரம் தூக்கலாகாது.

ஆபத்தே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருபுற நாடிகளையும் எடுத்தால் மார்பென்புக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, நீரிழிவு உள்ளவரிடம் புண் ஆறுவது தாமதமாகலாம். அதனால் வைத்தியர்கள் பெரும்பாலோரிடம் இடப்புற நாடியோடு நிறுத்தி, ஏனைய அடைப்புகளுக்குக் கால் நாளத்தையே கொள்வர். எல்லா அடைப்புக்கும் கத்தி வேண்டியதுமில்லை. சிலருக்கு மருந்து போதும், சிலருக்குச் சிறு வலைக்குழாய் போதும். இதனைத் தீர்மானிப்பது படத்தைப் பார்த்த நிபுணரின் வேலை. மாற்றுவழி அமைத்தாலும் பழைய நோய் உடலை விட்டு நீங்குவதில்லையாதலின், மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் ஆயுள்வரை தொடரும். புகையிலை கூடாதென்றபோது பெரியப்பா வெற்றிலைப் பெட்டியை மெல்ல மூடினார்.

இந்நாடி நன்மை மாத்திரம் செய்வதன்று என்பதையும் அங்கே சொன்னோம். மார்பென்பின் ஓரத்தில் கத்திக்குத்து விழுந்தால் வெளியே சில துளி இரத்தமே தெரியும். வெட்டுண்ட இந்நாடியோ நெஞ்சறையை உள்ளே நிரப்பிவிடும். மார்பினுள் ஊசி செலுத்தும் வைத்தியர்களும் மார்பென்பின் ஓரத்தைத் தவிர்க்கவே கற்பிக்கப்படுகின்றனர்.

தாத்தா அதுவரை வாய் திறக்கவில்லை. பின்பு சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டி, "நேத்து கோயில் மேட்டுக்கு நிக்காம ஏறிப் போனேன், தம்பி" என்றார். இருவருக்குமிடையே அதற்குமேல் பேச்சில்லை. 17 பேரின் கதையை வகுப்பில் சொல்லும் நமக்கு, ஒருவர் மேடேறியது சான்றாகாது என்பது தெரியும். அன்று அதை நாம் அங்கே சொல்லவில்லை.

குறித்த நாளுக்கு முன்தினம் விடியற்காலையில், எக்ஸ் கதிர்ப் படங்கள் அடங்கிய பெரிய உறையை மார்போடு அணைத்தபடி அவர் பெரகலச் சந்தியில் கொழும்பு பஸ்ஸுக்காகக் காத்து நின்றார். பனி இன்னும் விலகவில்லை. பஸ்ஸில் ஏறி, படியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார்.

"அறுக்கிறது கீழ் நுனிதானே, மாஸ்டர்?"

"கீழ் நுனிதான்" என்றோம்.